வேற என்ன வேணும் ஆன்ட்டி

ஜூன் 10, திங்கள்

நாங்கள் சுற்றுலா வந்திருக்கிறோம். கோலாலம்பூர் விமான நிலைய அதிகாரியிடம் அப்படித்தான் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமலே முத்திரை குத்தினார். மலாக்காவில் எங்கள் ஒரே மகள் மங்கையர்க்கரசி துணிக்கடை நடத்துகிறாள், அவளுக்கு இது ஏழாம் மாதம், அவள் எங்களோடு பேசி மூன்று வருஷமாகிறது. இவற்றை அவர் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் முப்பத்தொரு வருஷ நூலக வேலையில் எனக்கு வரவில்லை.

மதுரைக்காரர் ஒருவர் நடத்தும் குழுப் பயணம். முப்பத்தெட்டுப் பேர். இன்று எங்களை மலாக்காவில் இறக்கி, டச்சுக்காரர்கள் கட்டிய சிவப்புக் கட்டடங்களையும் போர்ச்சுக்கீசியர் விட்டுப்போன கோட்டையையும் நான்கு மணி நேரத்தில் காட்டி முடித்தார்கள். கோட்டையில் வாசல் மட்டும்தான் மிச்சம். மீதியை ஆங்கிலேயர் இடித்துவிட்டார்களாம். எல்லாரும் அந்த வாசலுக்குள் நுழைந்து, அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டு, திரும்பி வந்து படம் எடுத்துக்கொண்டார்கள்.

மாலையில் நாங்கள் இருவரும் பஸ்ஸில் ஏறவில்லை. என் மனைவி ஆவுடையம்மாளுக்கு முழங்கால் வலி, குழு அடுத்துப் போகும் மலைக்கும் தீவுக்கும் வர முடியாது, ஞாயிறு காலை விமான நிலையத்தில் சேர்ந்துகொள்கிறோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்த நேரத்தில் ஆவுடை ஆற்றுப் பாலத்துப் படிகளை விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருந்தாள்.

அறைக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து, துண்டில் சுற்றி வைத்திருந்ததைப் பிரித்துப் பார்த்தாள். பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள். ஒன்றுகூட உடையவில்லை. ஏழாம் மாதம் பெற்றவள் போய் மகள் கையில் வளையல் அடுக்க வேண்டும். சனிக்கிழமை வரை நேரம் இருக்கிறது.

"அவ கையை நீட்டினாப் போதும்," என்றாள். "வேற ஒண்ணும் பேச வேண்டாம்."

ஜூன் 11, செவ்வாய்

காலையில் பிள்ளையார் கோவில். அதே தெருவில் பள்ளிவாசல், சற்றுத் தள்ளிச் சீனக் கோவில். மூன்றும் சண்டை போடாமல் இருக்கின்றன என்று வழிகாட்டிப் புத்தகம் பெருமைப்பட்டிருந்தது. எங்கள் ஊர் அம்பாசமுத்திரத்தில் ஒரே சாமியைக் கும்பிடுகிறவர்களுக்குள் எத்தனை சண்டை என்பது புத்தகத்தை எழுதியவருக்குத் தெரியாது.

பத்து மணிக்கு, கடைத்தெருவைப் பார்க்கலாமா என்று ஆவுடை கேட்டாள், இப்போதுதான் தோன்றியதுபோல. கடையின் முகவரியை அவள் ஊரிலிருந்தே மனப்பாடமாகக் கொண்டு வந்திருந்தாள். மங்கையோடு படித்த பெண் கொடுத்தது. பழைய வீடுகள், முகப்பு குறுகல், உள்ளே ரயில் பெட்டிபோல நீண்டுகொண்டே போகும். எல்லாக் கடைகளின் முன்பும் கூரை போட்ட நடை. ஆவுடை உள்ளே போனாள். நான் எதிர்ச்சாரியில், குளிர்பெட்டிக் கதவில் ஒட்டும் காந்த பொம்மை விற்கும் கடை முன் நின்று, காற்றாலை வடிவில் இருந்த ஒன்றை ஆராய்ந்தேன். துணிக்கடைக் காற்று எனக்கு ஒத்துக்கொள்வதில்லை.

கால் மணி நேரத்தில் ஒரு சாரத்தோடு வந்தாள். பூப்போட்ட சாரம். இங்கே சாரோங் என்கிறார்கள்.

மங்கை நிமிர்ந்து பார்த்தாளாம். பார்த்துவிட்டு, மடித்துக்கொண்டிருந்த துணியை மடித்து முடித்தாளாம். பிறகு, "வாங்க ஆன்ட்டி, என்ன பாக்குறீங்க?" என்றாளாம்.

இந்த ஊருக்கு வரும் எல்லாத் தமிழ்ப் பெண்களிடமும் அவள் சொல்வது அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆவுடை அழுவாள் என்று நினைத்துக் கைக்குட்டையைத் தேடினேன். அவள் அழவில்லை.

"பேசுதால்லா? கடைக்கு வந்தவங்ககிட்ட அவ பேசித்தான ஆகணும். நாளைக்கும் வாங்குவேன்."

ஜூன் 12, புதன்

இன்று மங்கை பேசியது பதினொரு வாக்கியம். ஒரு மேசை விரிப்பு. எங்கள் வீட்டில் விரிக்கிற அளவுக்கு மேசை கிடையாது.

ஆவுடை ஒரு முறையைக் கண்டுபிடித்திருக்கிறாள். காலையில் ஒன்றை வாங்குகிறாள். மத்தியானம் நிறம் பிடிக்கவில்லை என்று மாற்றப் போகிறாள். ஒரு துணிக்கு இரண்டு பேச்சு. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். ராஜதந்திரம் பற்றி நான் படித்த புத்தகங்களில் இந்த யோசனை இல்லை.

அறைக்கு வந்து இரண்டு குரலிலும் பேசிக் காட்டினாள்.

"எத்தனாவது மாசம்மா?"

"ஏழு ஆன்ட்டி."

"சோறு இறங்குதா?"

"இறங்குது ஆன்ட்டி. இந்தக் கலர் சாயம் போகாது."

"ராத்திரி கால் வலிக்கா? நல்லெண்ணெய் தேச்சுக்க ஆள் இருக்கா?"

"வேற என்ன வேணும் ஆன்ட்டி?"

ஆவுடை எல்லை தாண்டும்போதெல்லாம் அந்தக் கேள்வி வருகிறது. அது வந்தால் எழுந்து வந்துவிட வேண்டும் என்று இவளும் புரிந்துகொண்டிருக்கிறாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கடையைச் சாத்திவிடுவாளோ என்று பயம். முகம் வெளுத்திருக்கிறது, இரும்புச் சத்து போதவில்லை என்றாள் ஆவுடை. எதிர்ச்சாரியிலிருந்து பார்த்ததில் எனக்கு அவள் தலையும் தோளும்தான் தெரிந்தன. தலை வாரியிருந்த விதம் மாறியிருக்கிறது.

ஜூன் 13, வியாழன்

மூன்றாவது நாளாகக் காந்த பொம்மைகளை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, மங்கையின் கணவன் தேநீரை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்தான். அவனுக்கு என்னைத் தெரியாது. எங்கள் படம் எதையும் அவள் காட்டவில்லை போலும். மனைவிமார் துணி வாங்கும்போது கணவன்மார் நிற்பதைப் பார்க்க அவனுக்குப் பாவமாக இருக்கிறதாம். என்னை அழைத்துப்போய்த் தன் கடையின் நடையிலேயே முக்காலி போட்டு உட்கார வைத்தான். உங்கள் மனைவிதான் இந்த வாரம் எங்களுடைய முதன்மையான வாடிக்கையாளர் என்றான். எல்லாம் ஆங்கிலத்தில்.

அவன் பெயர் அருணாசலம் பிள்ளை. மங்கை முதன்முதலில் தொலைபேசியில் இந்தப் பெயரைச் சொன்னபோது நான் அரை மணி நேரம் சந்தோஷமாக இருந்தேன் என்பதை இங்கே மறைப்பதற்கில்லை. பிறகு விசாரித்தேன். மலாக்காச் செட்டி என்று இவர்களைச் சொல்கிறார்கள். பல நூறு வருஷங்களுக்கு முன்பு வியாபாரத்துக்கு வந்து, இந்த மண்ணின் பெண்களைக் கட்டிக்கொண்டு, தமிழை மறந்து மாரியம்மனை மறக்காதவர்கள். பிள்ளை என்பது பெயரின் வாலில் தங்கிவிட்டது. அதற்கு மேல் என் உறவினர்களிடம் காட்ட ஒன்றும் இல்லை என்று அன்று எனக்குத் தோன்றிற்று.

எந்த ஊர் என்று கேட்டான். மதுரை என்று சொல்லியிருக்கலாம். வாய் அம்பாசமுத்திரம் என்றது.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. என் மனைவியின் ஊர் அது, நூலகர் சங்கரலிங்கத்தைத் தெரியுமா என்று கேட்டான்.

கேள்விப்பட்டிருக்கிறேன் என்றேன்.

அவர் என் மாமனார், பெரிய மனிதர் என்றான். நெஞ்சு நோயாளியாம், பயணம் செய்ய முடியாதாம், அதனால் கல்யாணத்துக்கு வரவில்லையாம். ஆனால் மகளுக்குக் கல்யாணம் என்றதும் ஊர் முழுக்க வாழ்த்துச் சுவரொட்டி ஒட்டினாராம். இங்கே எந்த மாமனார் இப்படிச் செய்வார் என்று கேட்டுக்கொண்டே கைபேசியை என்னிடம் நீட்டினான்.

படம் தெளிவாக இருந்தது. மங்கையின் கல்லூரிப் படம். சுற்றிலும் ரோஜாப்பூக் கட்டம். கறுப்புக் கட்டம் கண்ணுக்கு நன்றாக இராது என்று நான்தான் அச்சகத்தில் சொன்னேன். அவன் தேதிகளின் மேல் விரலை வைத்துக் காட்டினான். இது அவள் பிறந்தநாள், இது எங்கள் கல்யாண நாள். இரண்டும் சரிதான்.

எழுதியிருப்பது என்ன, மங்கை எப்போதும் சுருக்கமாகவே சொல்கிறாள் என்று கேட்டான்.

"வாழ்த்து," என்றேன். "நல்ல தமிழ்."

தேநீர் ஆறிப்போயிருந்தது. குடித்து முடித்தேன்.

அதே நாள், மாலை

அதில் என்ன இருந்தது என்பதை எழுதிவிடுகிறேன். ‘கண்ணீர் அஞ்சலி’ என்று தலைப்பு. ‘நூலகர் வே. சங்கரலிங்கம் அவர்களின் மகள் மங்கையர்க்கரசி. தோற்றம் 14.8.1991. மறைவு 3.6.2016. ஆறாத் துயரில் பெற்றோர்.’

மறைவு என்று போட்டது அவள் பதிவுத் திருமணம் செய்துகொண்ட தேதி. எங்கள் பக்கத்தில் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்ட பிள்ளைகளுக்குத் தலை முழுகுவது உண்டு. சிலர் ஆற்றோடு நிறுத்திக்கொள்வார்கள். நான் படித்தவன், அச்சில் போட்டேன். மூன்று முறை மெய்ப்புப் பார்த்தேன். எங்கள் ஊர்ச் சுவர்களில் ஒட்டப்பட்ட அஞ்சலிகளில் எழுத்துப் பிழை இல்லாதது அது ஒன்றுதான் என்று பாராட்டினார்கள். அந்தப் பாராட்டை நான் மறுக்கவில்லை.

பிறகு ஆற்றில் முழுக்குப் போட்டேன். ஆவுடை வரவில்லை. சளி பிடித்திருக்கிறது என்றாள். அந்த மாதம் முழுக்க அவளுக்குச் சளி.

ஜூன் 14, வெள்ளி

இன்று முதன்முறையாக ஆவுடை வெறுங்கையோடு வெளியே வந்தாள். இன்னும் ஒரு நாள்தான் என்ற நினைப்பில், ஒரே ஒரு வளையலை எடுத்துப்போய், துணிகளுக்கு நடுவே மேசையில் வைத்திருக்கிறாள். மங்கை அதை விரலால் நகர்த்தி, "நாங்க வளையல் விக்கிறதில்ல ஆன்ட்டி" என்றிருக்கிறாள்.

ஆவுடை நடையில் முக்காலி இருந்தும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சுற்றுலாக்காரர்கள் அவளைச் சுற்றி நடந்தார்கள். பொம்மைகளால் அலங்கரித்த ரிக்‌ஷா ஒன்று பாட்டைச் சத்தமாகப் போட்டுக்கொண்டு போயிற்று. எழுந்திரு என்றேன். "எனக்கு வாங்க ஒண்ணும் இல்ல," என்றாள். "இனி என்னத்த வாங்க?"

நான் உள்ளே போனேன்.

அருணாசலம் இல்லை, சரக்கு எடுக்கப் போயிருந்தான். மங்கை வயிற்றைத் தாங்கிக்கொண்டு எழுந்தாள். வேறு யாருக்காவது அப்படி எழுந்திருந்தால் வேண்டாம்மா, உட்கார் என்று சொல்லியிருப்பேன்.

"என்ன வேணும் சார்?"

மூன்று வருஷமாக மனத்துக்குள் எழுதித் திருத்தி வைத்திருந்த உரை ஒன்று இருந்தது. அதன் முதல் வரி நினைவுக்கு வரவில்லை. உன் அம்மா ஒன்றும் செய்யவில்லை, அவளைத் தண்டிக்காதே, நான் வாசலுக்குக்கூட வரமாட்டேன், அவள் கையால் வளையல் போட்டுக்கொள் என்றேன்.

அவள் ஒரு துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

"செத்தவளுக்கு வளைகாப்பு போடக்கூடாது சார்."

துணியின் ஓரத்தை நீவினாள்.

"நாலு தெருவில ஒட்டுனீங்க. என்கூடப் படிச்சவங்க வீட்டுக்கு வந்து அம்மாகிட்டத் துக்கம் விசாரிச்சிருக்காங்க. இங்க வந்து யாருக்கும் தெரியாம வளையலப் போட்டுட்டுப் போயிருவீங்க. அங்க நான் யாரு?"

நேற்று அருணாசலம் கைபேசியில் காட்டியதைச் சொன்னேன். அவள் கை ஒரு கணம் நின்றது.

"அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. எங்க அப்பா எனக்கு எழவு நோட்டீஸ் அடிச்சார்னு எந்த வாயால சொல்ல? வாழ்த்துன்னு சொன்னேன். உங்களுக்காக இல்ல. எனக்கு வெக்கமா இருந்துச்சு." துணியை அடுக்கில் வைத்தாள். "வேற என்ன வேணும் சார்?"

ஒரு கைக்குட்டை வாங்கினேன்.

அதே நாள், பிற்பகல்

ஒட்டியதை மாற்ற ஒட்டுவதைத் தவிர வழியில்லை. அறையில் உட்கார்ந்து எழுதினேன். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் சாவுக்கும் வாசகம் இருக்கிறது. செத்ததாகச் சொன்னவள் சாகவில்லை என்று சொல்ல இதுவரை யாருக்கும் தேவைப்படவில்லை.

முதல் வரைவு: ‘திருத்தம். கடந்த 2016ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியிடப்பட்ட சுவரொட்டியில் நேர்ந்துவிட்ட பிழைக்கு வருந்துகிறோம்.’

படித்துக் காட்டினேன். ஆவுடை கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "நேர்ந்துதா? அதுவா வந்து ஒட்டிக்கிச்சா?" என்றாள்.

இரண்டாவது வரைவில் சினத்தின் இயல்பு பற்றியும், அறிவு தடுமாறும் தருணங்கள் பற்றியும் மூன்று பத்திகள். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

மூன்றாவதை எழுதும்போது என் கண் கலங்கியது. ‘அன்று மறைந்தவள் மகள் அல்ல. மறைந்தவன் இதை எழுதும் தந்தையே.’ இதற்கு மேல் எழுத முடியாது என்று பட்டது. குரல் தழுதழுக்கப் படித்தேன்.

ஆவுடை எழுந்து உட்கார்ந்தாள். "இதுலயும் நீங்கதான் சாகணுமா? ஒரு போஸ்டர்லயாவது அவ இருக்கட்டுமே."

பிறகு அவளே சொன்னாள். நான் எழுதினேன்.

‘மங்கை நல்லா இருக்கா. ஏழு மாசம்.’

அவ்வளவுதான். பேச்சு வழக்கில் இருக்கிறதே என்றேன். இருக்கட்டும் என்றாள். முழுப் பெயர் இல்லையே என்றேன். அதே படத்தைப் போடுங்க, ஊருக்குத் தெரியும் என்றாள். கீழே எங்கள் இருவர் பெயர். நூலகர் என்று என் பெயருக்கு முன்னால் எழுதியிருந்ததை அடித்தாள்.

அச்சகத்து லூர்துசாமியைத் தொலைபேசியில் பிடித்தேன். வாசகத்தை இரண்டு முறை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். பிறகு, எந்தக் கணக்கில் எழுதுவது, விசேஷமா, அஞ்சலியா என்று கேட்டார். மற்றவை என்று எழுதச் சொன்னேன்.

"பழைய எடத்துலயே ஒட்டணுமா சார்?"

"அதே இடத்தில்."

"பஸ் ஸ்டாண்டு எதிர்லயும் அன்னைக்கு ஒட்டினோம்."

எனக்கு அது மறந்திருந்தது. அங்கேயும் ஒட்டச் சொன்னேன். விடிவதற்குள் ஒட்டிப் படம் அனுப்புவதாகச் சொன்னார். சிரிக்கவில்லை. நாளை ஊரில் சிரிக்காமல் இருக்கப்போகும் ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார்.

ஜூன் 15, சனி

மூன்று மணிக்குக் கோலாலம்பூர் பஸ். காலையில் பெட்டியைக் கட்டினோம். ஆவுடை வாங்கிய துணிகள் ஒரு தனிப் பை. யாருக்கு எது என்று கேட்டேன். ஆவுடை பையின் வாயைக் கட்டினாள்.

எட்டு மணியிலிருந்து தொலைபேசி அடித்துக்கொண்டிருக்கிறது. என் அண்ணன், அண்ணன் மகன், கோவில் கமிட்டிச் செயலாளர், வாசகர் வட்டத் தலைவர். எடுக்கவில்லை. ஒன்பதரைக்கு லூர்துசாமியின் படம் வந்தது.

கடையில் அருணாசலமும் இருந்தான். அவன் இல்லாத நேரமாகப் பார்த்துப் போகலாம் என்று சொன்னேன். ஆவுடை கேட்காமல் முன்னால் நடந்துவிட்டாள். அவன் எங்களை வரவேற்று உட்காரச் சொன்னான். மங்கை "வாங்க ஆன்ட்டி" என்று தொடங்கினாள். நான் கைபேசியை நீட்டினேன். அவள் வாங்கும் வரை காத்திராமல் மேசைமேல் வைத்தேன்.

அவள் படித்தாள். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். பஸ் ஸ்டாண்டு எதிர்ச் சுவர். ஒரு பக்கம் சினிமாப் படம், மறுபக்கம் மூட்டு வலி மருத்துவர். கீழே ஓர் ஆடு சுவரொட்டியின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. இரண்டே வாக்கியங்களை அவள் நெடுநேரம் படித்தாள்.

அருணாசலம் எட்டிப் பார்த்தான். அவளுடைய படத்தை அடையாளம் கண்டுகொண்டான். உன் அப்பாவிடமிருந்து இன்னொரு வாழ்த்தா, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆவுடையின் கை என் முழங்கையைப் பிடித்திருந்தது. அவள் பிடியில் இவ்வளவு பலம் உண்டு என்று தெரியாது.

நான் நன்றாக இருக்கிறேன், ஏழு மாதம், என்று மங்கை ஆங்கிலத்தில் சொன்னாள். எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே சொன்னாள். கூட்டவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

அருணாசலம் படத்தைப் பார்த்தான். அது யாருடைய கைபேசி என்று பார்த்தான். என்னைப் பார்த்தான், ஆவுடையைப் பார்த்தான். வியாழக்கிழமை தான் கேட்டதும் நான் சொன்னதும் அவனுக்குள் ஒவ்வொன்றாகப் புரள்வது முகத்தில் தெரிந்தது. ஆவுடைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான். பிறகு மங்கையிடம், இதை எழுதியது உன் அப்பாதானா என்றான்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. அவனுக்குப் புரியாத தமிழில், ஆவுடையைப் பார்த்துச் சொன்னாள்.

"அப்பா எழுதலை. அப்பா எழுதினா இத்தனை சின்னதா இருக்காது. இது அம்மா."

ஆவுடை வளையல்களைச் சுற்றியிருந்த துண்டை எடுத்தாள். பிரிக்க வராமல் முடிச்சைப் பல்லால் கடித்தாள். மங்கை மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, அவள் முன்னால் உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டினாள்.

வளைகாப்பில் ஆண்களுக்கு வேலையில்லை. அதனால் வெளியே நடையில் வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மணி பதினொன்றரை. உள்ளே யாரும் என்னைக் கூப்பிடவில்லை. போகச் சொல்லவும் இல்லை. தொலைபேசி இன்னும் அடிக்கிறது.

அப்பா என்று இரண்டு முறை சொன்னாள். ஒன்று நான் எழுதவில்லை என்பதற்கு. இன்னொன்று நான் எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு. இரண்டையும் எடுத்துக்கொண்டேன்.